எதிர்ப்பு யாருக்கு?

ஊசி போடும் கூடத்தில் என் பக்கத்து நாற்காலியில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவருக்கு அன்றுதான் முதல் ஊசி. கையில் குழாய் ஏற்றியதும் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டார். நான் "பரவால்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அவர் முகம் மனதைவிட்டுப் போகவில்லை. எனக்கு ஆட்களைப் பார்த்தால் பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும். அவர் கேட்டதற்கான பதில் இது.

உத்திரமேரூர் ஏரிக்குக் கீழே எனக்கு ஒன்றரை ஏக்கர் நெல். பத்தாவது வரை படித்தேன். ஒருநாள் வரப்போரம் ஒதுங்கியபோது சிறுநீர் பீட்ரூட் சாறு போலப் போயிற்று. வலி ஒன்றும் இல்லை. மறுநாளும் அப்படியே. இதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் என் மனைவி வள்ளி சோறு போடும்போது, இலையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"கலர் மாறிக் கீது."

"எது? பயிரா? யூரியா போடலாமா?"

"பயிர் இல்ல. நானு."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் கட்டி. அங்கிருந்து சென்னைப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிட்டார்கள். ஒன்றை வைத்துக்கொண்டே வாழலாம் என்றார்கள். வாழ்ந்தேன். அந்த வருஷம் நானே நாற்று விட்டேன். அடுத்த வருஷம் இருமல் வந்தது. நுரையீரலில் மூன்று இடத்தில் புள்ளி. அறுத்து எடுத்த கட்டியின் விதை அங்கே போய் முளைத்திருந்தது.

பணம் எப்படிப் புரண்டது என்று எழுத ஆரம்பித்தால் அது வேறு கதையாகிவிடும். புரண்டது. அதற்கு உதவியவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரியும்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. கிராமத்து ஆட்கள் வந்தால் அவர்களுக்குப் பழகாத இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூடக் கலக்காமல் தமிழிலேயே பேச வேண்டும் என்று வைத்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுவார். அந்த மரியாதையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் எங்களை ஒரு பள்ளத்தில் தள்ளியதும் அந்த நல்ல தமிழ்தான்.

முதல் நாள் அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. "நம்ம உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கு. கிருமி வந்தா சண்டை போடும். ஆனா புற்றுநோய்க் கட்டி, நானும் உங்க ஆளுதான்னு சொல்லி அதை ஏமாத்திடும். எதிர்ப்பு சக்தியும் பிரேக் போட்டு நின்னுடும். இந்த ஊசி கட்டியைக் கொல்லாது. அந்த பிரேக்கை எடுத்துவிடும். அப்புறம் உங்க எதிர்ப்பு சக்தியே போய்க் கட்டியை அடிக்கும்."

எதிர்ப்பு சக்தி என்கிற வார்த்தை எங்களுக்குப் புதிது இல்லை. கொரோனா சமயத்தில் கசாயம் காய்ச்சியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். அன்று முதல் வள்ளிக்கு அந்த ஒரு வார்த்தைதான். முருங்கைக்கீரை ஆக்கினால் "துன்னுங்க, எதிர்ப்பு வரும்." வெயிலில் நின்றால் "உள்ள வாங்க, வர்ற எதிர்ப்பும் பூடும்." அம்மன் கோயிலில் போய், எதிர்ப்பு வந்துவிட்டால் ஆடி மாதம் ஊருக்கே கூழ் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. விடிவதற்குள் பஸ் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி ரயில் பிடிப்போம். வள்ளியின் வயர்கூடையில் எலுமிச்சை சோறு இருக்கும். கூடத்தில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். யாராவது ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். ஏசி குளிர் முழங்காலில் ஏறும். டோக்கன் எண் திரையில் மாறுகிறதா என்று எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

ஊசியால் வாந்தி இல்லை, முடி கொட்டவில்லை. அரிப்பு வந்தது. முதுகும் தொடையும் சிவந்து தடித்துப் போயிற்று. பிரேக் எடுத்துவிட்ட வண்டி சில சமயம் நம் சொந்த ஆட்களையே இடிக்கும் என்றார் டாக்டரம்மா. களிம்பு கொடுத்தார். வள்ளி சீப்பின் பின்பக்கத்தால் முதுகைத் தேய்த்துவிடுவாள்.

முதல் ஸ்கேனில் மூன்று புள்ளியும் சுருங்கியிருந்தன. இரண்டாவது ஸ்கேனில் இன்னும் சுருங்கியிருந்தன. அரிப்புகூட எனக்கு இனிப்பாக இருந்த நாட்கள் அவை.

மூன்றாவது ஸ்கேனின் முடிவைக் கேட்கப் போனது ஆடி பிறந்த சமயம். நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வள்ளி பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். டாக்டரம்மா திரையைப் பார்த்தார். பிறகு வார்த்தையைத் தேடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஸ்கேன்ல தெளிவா தெரியுது. எதிர்ப்பு வந்திருக்கு."

வள்ளி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். டாக்டரம்மா எழுந்து வந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். "தைரியமா இருங்கம்மா. இத்தோட எதுவும் முடியலை. இன்னிக்கு ஊசி வேண்டாம். அடுத்து கதிர்வீச்சு கொடுக்கலாம்னு இருக்கேன். வீட்ல பேசிட்டு, வர்ற திங்கள் விட்டு அடுத்த திங்கள் வந்துடுங்க. தள்ளிப் போடாதீங்க."

வள்ளி கும்பிட்டுக்கொண்டே வெளியே போனாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் டாக்டரம்மா முகத்தில் சிரிப்பு இல்லாதது உறுத்தியது. அவரிடம் கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்க வராது.

காலையில் ஊசி கூடத்தில் காத்திருந்தபோது விட்டுவந்த போர்வையை எடுக்கப் போனேன். அங்கே வேலை செய்யும் சிஸ்டர் மதுராந்தகம் பக்கம். எங்கள் பேச்சுதான் பேசும்.

"இன்னாண்ணே, ஊசிக்குக் கட்டி கேக்கலியாமே? ஒண்ணு மட்டும் பெருசாயிட்டுக் கீதாம். பயப்படாதீங்க. டாக்டரம்மா வேற வழி வெச்சிருக்காங்க."

மருந்துக்கு நோய் கேட்கவில்லை. இதுதான் எங்கள் ஊர் பேச்சு. இதைச் சொல்லியிருந்தால் வள்ளிக்கு ஒரு நொடியில் புரிந்திருக்கும். டாக்டரம்மா ரெசிஸ்டன்ஸ் என்று இங்கிலீஷிலேயே சொல்லியிருந்தாலும், அப்படி என்றால் என்ன என்று அவள் கேட்டிருப்பாள். நல்ல தமிழில் சொன்னதால் யாரும் எதுவும் கேட்கவில்லை. எதிர்ப்பு வந்தது நிஜம். என் உடம்புக்கு வரவில்லை. கட்டிக்கு வந்திருந்தது, ஊசியை எதிர்த்து.

போர்வையோடு நடைபாதைக்கு வந்தேன். வள்ளி சுவரில் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

"ஏயுமல! உங்க மாமாவுக்கு எதிர்ப்பு வந்துட்ச்சுடா! ஊசியே வாணாம்னுட்டாங்க!"

ஏழுமலை அவள் தம்பி. மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். அவனுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி. அடுத்த போன் செங்கல்பட்டில் கட்டிக்கொடுத்த எங்கள் மகளுக்கு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். "நைனா! நைனா! பேசு நைனா!" என்று அவள் அந்தப் பக்கம் அழுகிறாள். நான் "ம்" என்றேன். அந்த "ம்" தான் என்னைப் பூட்டிவிட்டது.

கெட்ட சேதி வந்தால் ஆட்கள் நம்மைத் தனியாக விடுவார்கள். நல்ல சேதிக்குள் மாட்டிக்கொண்டால் ஒரு நிமிஷம்கூட விடமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். பலகாரம் கொண்டுவந்தார்கள். "பாரு, முகத்துல களை வந்துட்ச்சு" என்றார்கள். இருமல் வந்தால் நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் இருமிவிட்டு வந்தேன். உள்ளே ஒன்று பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும். வெளியே எல்லோரும் சிரிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் நகர இடமில்லாமல் நான்.

கதிர்வீச்சைப் பற்றி வள்ளிக்கு நினைவு இருந்தது. எங்கள் பக்கம் அதைக் கரண்ட் வைப்பது என்பார்கள்.

"கரண்டு வாணாங்க. கஷ்டப்பட்டு இப்பதான் எதிர்ப்பு வந்துக் கீது. கரண்டு வெச்சா அதுவும் கருகிப்பூடும்" என்றாள்.

"ஆமாக்கா," என்றான் ஏழுமலை. "வெளையற பயிர்ல போய் எவனாவது களைக்கொல்லி அடிப்பானா? இன்னா மாமா, நான் சொல்றது?"

அவர்கள் புரிந்துகொண்டபடி பார்த்தால் அது சரிதான். அதனாலேயே நான் வாய் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை என்று முடிவாகிவிட்டது. அதற்கு முந்தின நாள் ஞாயிறு கூழ்.

கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைத்து, நொய் போட்டு, அம்மன் கோயில் எதிரில் இரண்டு பெரிய அண்டாவில் காய்ச்சினார்கள். வள்ளி மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை சொருகிய குடத்தைத் தலையில் சுமந்து வந்தாள். அவளை அவ்வளவு அழகாக நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. தெருவே சொம்பும் தூக்கும் எடுத்துக்கொண்டு நின்றது. கருவாட்டுக் குழம்பு வாசனை. ஏழுமலை மைக்கைப் பிடித்தான்.

"எங்க மாமா தனபாலு அவங்களுக்கு, ஆத்தா புண்ணியத்துல எதிர்ப்பு வந்துட்டதால, இந்தக் கூழ் ஊத்தறோம். இப்ப மாமா நாலு வார்த்தை பேசுவாரு!"

மைக்கை என் வாய்க்கு நேராக நீட்டிவிட்டான். என் மூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது. அந்த மூச்சில் ஒரு சின்ன விசில் சத்தம். அது வேறு யாருக்கும் கேட்டதா, தெரியவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வள்ளியைப் பார்த்தேன். கையில் சொம்போடு, நெற்றியெல்லாம் குங்குமம் கரைந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"கூழ் குடிங்க" என்றேன்.

தெரு சிரித்தது. "அவ்ளோதானா? கல்யாணத்துலகூட இத்தினி வார்த்தை பேசலயே மாமா!" என்று ஏழுமலை மைக்கிலேயே சொன்னான். மறுபடி சிரித்தார்கள்.

மாலையில் அண்டாக்களைக் கழுவிக் கோயிலில் ஒப்படைக்க வேண்டும். பம்புசெட்டுக்கு உருட்டிக்கொண்டு போனோம். வள்ளி ஒன்றைப் புளி போட்டுத் தேய்த்தாள். மற்றதில் அடிப்பிடித்திருந்தது. கை எட்டவில்லை. அண்டாவைச் சாய்த்துவிட்டு, தலையையும் தோளையும் உள்ளே விட்டு நான் சுரண்ட ஆரம்பித்தேன். உள்ளே இருட்டு. புளித்த வாசனை. வள்ளி முகம் தெரியவில்லை. யார் முகமும் தெரியவில்லை.

அங்கேதான் எனக்குப் பேச்சு வந்தது.

"வள்ளி, ஊசிக்குக் கட்டி கேக்கலியாம்."

அண்டா என் குரலை வாங்கி நாலு மடங்காக்கித் திருப்பி அடித்தது. நானே பயந்துவிட்டேன். வெளியே தேய்க்கிற சத்தம் நின்றது.

"இன்னாது?"

"எதிர்ப்பு வந்தது எனக்கு இல்ல. கட்டிக்கு. சிஸ்டரு சொல்லுச்சு. ஒண்ணு பெருசாயிட்டுக் கீது. அதுக்குத்தான் கரண்டு. நாளைக்குப் போவணும்."

மோட்டார் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நான் தலையை வெளியே எடுக்கவில்லை. சுரண்டியதையே திரும்பச் சுரண்டினேன்.

"வெளிய வாங்க" என்றாள்.

வந்தேன். அவள் அழவில்லை. கையில் புளிச்சக்கை அப்படியே இருந்தது.

"போன போகத்துல புகையான் பூச்சிக்கு அடிச்ச மருந்து, ரெண்டாந்தபா கேக்காம போச்சே. அந்த மாதிரியா?"

"அந்த மாதிரிதான்."

"அப்ப அந்தம்மா எதிர்ப்பு வந்திருக்குன்னு சொன்னது..."

"அதுவும் நெசந்தான்."

பிறகு, "யாருக்குன்னு கேக்கலியே நானு" என்றாள். "பயிரான்னு கேட்டேனே அன்னிக்கு, அந்த மாதிரி ஒரு வார்த்தை கேக்காம பூட்டனே." திடீரென்று சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. "ஊருக்கே கூழு ஊத்திட்டேன்யா, கட்டிக்கு!"

நான் அவள் கையிலிருந்த புளிச்சக்கையை வாங்கிக்கொண்டேன். மீதி அண்டாவை இரண்டு பேரும் சேர்ந்து கழுவினோம். அந்தத் திங்கட்கிழமை எலுமிச்சை சோறு கட்டவில்லை. இருந்தாலும் போனோம்.

டாக்டரம்மாவிடம் வள்ளியே எல்லாவற்றையும் சொன்னாள், கூழ் உட்பட. அவர் முகம் சிவந்துபோயிற்று. "என் தப்புமா" என்றார். வள்ளி "வுடுங்க டாக்டரம்மா, இப்ப வெளக்கமா சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன்.

கட்டி ஏமாற்றும் வழியை மாற்றிக்கொள்ளும். ஒரு வேஷம் கலைந்தால் வேறு வேஷம் போடும். மூன்றில் இரண்டு புள்ளி இன்னும் ஊசிக்கு அடங்கித்தான் இருக்கின்றன. அதனால் ஊசியை விட வேண்டாம். அடங்காத ஒன்றை மட்டும் கதிர்வீச்சால் குறிவைத்து உடைக்க வேண்டும். உடைந்த துணுக்குகளைப் பார்த்து உடம்பின் எதிர்ப்பு சக்தி கட்டியின் அடையாளத்தைக் கற்றுக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. கூடவே ஒரு மாத்திரை. அது கட்டிக்கு ரத்தம் போகும் வழியை அடைக்கும். எல்லோருக்கும் இது பலிப்பதில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கதிர்வீச்சுக்கு முன்னால் உடம்புக்கு ஒரு அச்சு எடுத்தார்கள். அதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மணல் மூட்டை போல ஒரு மெத்தையில் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார்கள். ஒரு குழாயால் மெத்தையிலிருந்து காற்றை உறிஞ்சினார்கள். அது மெல்ல இறுகி, என் முதுகு, விலா, அக்குள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு கல்லாகிவிட்டது. கட்டவில்லை, பூட்டவில்லை. ஆனாலும் ஒரு விரற்கடை நகர முடியாது. ஒவ்வொரு முறையும் அதே அச்சில், அதே மாதிரி படுக்க வேண்டும். மார்பில் மையால் புள்ளி வைத்தார்கள். குளித்தால் அழிந்துவிடுமோ என்று நான் மற்ற இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே நாளை ஓட்டினேன்.

எல்லோரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்திவிடுவார்கள். சுவரில் இருக்கிற பெட்டியிலிருந்து ஒரு குரல் வரும். "மூச்சை இழுங்க. பிடிங்க." இயந்திரம் என்னைச் சுற்றி வரும். வலி கிடையாது. மூக்கு அரிக்கும், சொறிய முடியாது. என் உருவத்துக்கே செய்த குழியில் என்னைக் கிடத்தியிருக்கிறார்கள் என்ற நினைப்பு வந்துவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில் நான் அண்டாவை நினைத்துக்கொள்வேன். வெளியே வள்ளி இருக்கிறாள், "வெளிய வாங்க" என்று சொல்லுவாள் என்று. "விடுங்க" என்று பெட்டி சொல்லும்போது வருகிற மூச்சு இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சில நாளில் அது முடிந்தது. பிறகுதான் நிஜமான சிறை. உடனே ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் தெரியாது, காத்திருக்க வேண்டும் என்றார்கள். மாத்திரையால் உள்ளங்கால் தோல் உரிந்தது. சேற்றில் இறங்க முடியவில்லை. ஏழுமலைதான் இறங்கி நாற்று நட ஏற்பாடு செய்தான். தான் மைக்கில் சொன்னதை நினைத்து அவன் என் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான். எங்கள் வீட்டில் கூச்சப்படுகிறவர்கள் இரண்டு பேரானோம். ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பலகாரம் கொண்டுவந்தவர்கள் இப்போது தாண்டிப் போகும்போது சைக்கிளை வேகமாக மிதித்தார்கள்.

அறுவடைக்கு முன்னால் ஸ்கேன் எடுத்தோம். அதே அறை, அதே ஸ்டூல். தோளில் அதே கை. டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "நல்ல மாற்றம் தெரியுது" என்றார்.

"யாருக்கு?" என்றாள் வள்ளி.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். "கட்டி சுருங்கியிருக்கு."

"எந்தக் கட்டி? பெருசானதா, அடங்கிக் கெடந்ததா?"

"பெருசானது. பாதிக்கும் கீழ போயிடுச்சு. அடங்கிக் கிடந்த ரெண்டுல ஒண்ணைக் காணோம்."

"அப்ப எதிர்ப்பு இப்ப யாருக்கு டாக்டரம்மா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "எதிர்ப்பு சக்தி, இப்போதைக்கு, உங்க வீட்டுக்காரருக்கு."

வள்ளி அழவில்லை. "இப்போதைக்குன்னா எது வரைக்கும்?" என்று கேட்டாள். "அது எனக்கும் தெரியாதும்மா. மூணு வாரத்துக்கு ஒரு தடவை வாங்க, பார்த்துக்கிட்டே இருப்போம்" என்றார். அப்படித்தான் இன்றுவரை போய்க்கொண்டிருக்கிறோம். கதவு திறந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். கயிறு கொஞ்சம் நீளமாகியிருக்கிறது.

நடைபாதைக்கு வந்ததும் வள்ளி போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கும்போது அதை என் கையில் திணித்துவிட்டாள்.

"நான் சொன்னது போதும். இந்தத் தபா நீங்க சொல்லுங்க."

அந்தப் பக்கம் ஏழுமலை. வயலில் இருந்தான் போல, டிராக்டர் சத்தம். இரும்பு நாற்காலி வரிசையில் அத்தனை பேர் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவர் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொன்னேன்.

"இன்னா மாமா? கேக்கல!" என்று அவன் கத்தினான். "கேக்கல மாமா!"

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அண்டாவுக்குள் பேசிய குரல், அண்டா இல்லாமலே வந்தது.

"கேக்குதுடா! கட்டி கேக்குது! இப்போதைக்குக் கேக்குது!"

நாற்காலி வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.